பொதுக் காரிடாரில் செடித்தொட்டி, கோலம், காலணி அடுக்கு: புகாரா, பேச்சா?

2 செப்டம்பர் 2025, மாலை. சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்:

எங்கள் மாடியில் எட்டு வீடுகள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி செடித்தொட்டிகளைச் சேர்த்துக்கொண்டே போகிறார். இப்போது என் வாசல்வரை வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை கோலம் போட இடமில்லை. நகர மன்றத்துக்குப் புகார் அனுப்பப் போகிறேன். என் கணவர் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?

2 செப்டம்பர், இரவு

உங்கள் கணவர் சொல்வதுதான். புகார் அனுப்புவது இரண்டு நிமிட வேலை. பேட்டைப் புகார்களுக்கான ஒன்சர்விஸ் செயலியில் படம் எடுத்துப் போட்டால் உரிய இடத்துக்குப் போய்விடும். ஆனால் பாட்டி வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்ட மறுநாளே யார் அனுப்பியது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தொட்டி யார் வாசலை மறைத்ததோ அவர்தானே அனுப்பியிருக்க முடியும். அப்புறம் தினமும் லிப்டில் அதே முகம். முதலில் கதவைத் தட்டுங்கள்.

3 செப்டம்பர், காலை

பேசப் போகுமுன் ஒரு டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். தொட்டிக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே 1.2 மீட்டர் இருக்கிறதா? தீயணைப்பையும் ஆம்புலன்ஸையும் பார்க்கும் குடிமைத் தற்காப்புப் படை கேட்பது அதுதான். தீ, மயக்கம், மாரடைப்பு என்று எது வந்தாலும் ஆட்கள் வெளியேறவும் ஸ்ட்ரெச்சர் உள்ளே வரவும் அந்த வழி வேண்டும். படிக்கட்டிலும் லிப்டுக்கு முன்னாலும் அளவு என்ற பேச்சே கிடையாது, அங்கே எதையும் வைக்கக்கூடாது.

எனக்கு இது ஏட்டில் படித்த விதி இல்லை. தோ பாயோவில் எங்கள் பழைய புளோக்கில் அம்மா குளியலறையில் விழுந்த இரவு, ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு காரிடாரில் வந்தார்கள். நடுவில் ஒரு வீட்டின் சைக்கிளும் துணி காயவைக்கும் ஸ்டாண்டும். ஒருவர் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் சைக்கிளைத் தூக்கி ஓரமாக வைத்தார். அந்தச் சில நொடிகள் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தன என்று சொல்ல முடியாது. ஆகவே பாட்டியிடம் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். கோலத்துக்கு இடம் வேண்டும் என்று ஆரம்பிக்க வேண்டாம், ஸ்ட்ரெச்சருக்கு இடம் வேண்டும் என்று ஆரம்பியுங்கள். பாட்டியும் வயதானவர்தானே, அவருக்கும் வேண்டிய வழி அது.

3 செப்டம்பர், இரவு

பிடோக்கிலிருந்து ஒருவர்: "விதி இருக்கும்போது எதற்குக் கதவைத் தட்ட வேண்டும்? அதற்குத்தானே மாதாமாதம் நகர மன்றத்துக்குப் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம்?"

கட்டுகிறோம்தான். துப்புரவு, லிப்ட், விளக்கு எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டாரோடு பேசுகிற வேலையையும் அந்தக் கட்டணத்தில் ஒப்படைத்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை.

2011இல் நடந்த கறி விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து இந்தியக் குடும்பம் சமைக்கும் கறி வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. இந்தியக் குடும்பம் கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்துப் பார்த்தது, போதவில்லை. விஷயம் சமூக சமரச நிலையத்துக்குப் போனது. பக்கத்து வீட்டார் இல்லாத நேரத்தில் கறி சமைப்பது, அவர்களும் அந்தக் கறியைச் சாப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவானது. இதைப் பத்திரிகையில் படித்ததும் ஊரே கொதித்தது. ஆகஸ்டு 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பார்க்காமல் ஆயிரக்கணக்கானோர் வீட்டில் கறி சமைப்போம் என்று கிளம்பினார்கள். எங்கள் மாடியிலும் அன்று மூன்று வீட்டில் கறி. எனக்கும் அன்று கோபம் இருந்தது, கறி சமைத்ததில் பெருமையும் இருந்தது.

ஆனால் அப்போதே அதிகாரிகள் விளக்கிய இரண்டு தகவல்கள் அந்தக் கொதிப்பில் அமுங்கிப்போயின. அந்தச் சமரசம் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோன ஒன்று. அந்த முடிவைச் சமரசம் செய்தவர் திணிக்கவும் இல்லை, இரண்டு குடும்பங்களும் தாங்களே பேசி ஒப்புக்கொண்டது. வெளியில் இருந்த நாம் அத்தனை பேரும் கோபப்பட்டோம். வீட்டுக்குள் இருந்தவர்கள் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள். அந்த ஏற்பாடு நியாயமா என்று இன்றைக்கும் விவாதிக்கலாம். என்னைக் கேட்டால், இந்தியக் குடும்பம் தேவைக்கு மேல் விட்டுக்கொடுத்தது. ஆனால் அதைச் சொல்லும் உரிமை அவர்களுக்குத்தான் முதலில் உண்டு.

5 செப்டம்பர்

செங்காங்கிலிருந்து ஓர் அக்கா நேராகவே கேட்டுவிட்டார்: "தொட்டி பொது இடத்தில் இருக்கக்கூடாது என்றால் கோலம் மட்டும் இருக்கலாமா?"

கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் வாசற்கதவுக்கு வெளியே இருக்கும் தரை உங்களுடையது இல்லை, பாட்டியுடையதும் இல்லை. கோலம் வழியை அடைக்காது, அதுதான் வித்தியாசம். ஆனாலும் பார்க்க வேண்டியவை உண்டு. பச்சரிசி மாவில் போட்டால் எறும்பு வரும். ஊரில் எறும்புக்கு உணவு என்று சொல்லிப் போடுகிறோம், இங்கே அந்த எறும்பு நேராக அடுத்த வீட்டுச் சமையலறைக்குப் போகும். மாக்கோலத்தை ஈரமாகப் போட்டால் காய்வதற்குள் யாராவது மிதித்து வழுக்கலாம். சாரல் மழை அடிக்கும் பக்கம் என்றால் கோலப்பொடி கரைந்து காரிடார் முழுக்க வெள்ளையாகும், அதைத் தேய்ப்பது துப்புரவு ஊழியர்.

நான் சாக்கட்டியில் சின்னதாக, கிரில் கேட்டை ஒட்டிப் போடுகிறேன். எங்கள் புளோக்கைக் கூட்டும் அங்கிள் கோலத்தைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போவார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. தீபாவளிக்கு அவர் பெயரில் ஒரு பலகார டப்பா எப்போதும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒரு புளோக்கில் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்ச விகிதம் உண்டு. அதனால்தான் ஒரு மாடியில் நம்மவர் வீடு ஒன்றோ இரண்டோ இருக்கும். நம் கோலத்தைப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அது எதற்கு என்று தெரியாது. எதிர் வீட்டுப் பையன் என்னிடம், "ஆன்ட்டி, இதை மிதித்தால் தப்பா?" என்று கேட்டான். நான் தப்பில்லை என்றேன். அடுத்த வாரத்திலிருந்து அவனும் ஒரு புள்ளி வைக்க வந்துவிட்டான். புள்ளிகளை எண்ணி எண்ணி அவனுக்கு என்னைவிட நன்றாகக் கணக்கு வருகிறது என்று அவன் அம்மா சொல்லிச் சிரிப்பார்.

6 செப்டம்பர்

இன்று சீன ஏழாம் மாதத்தின் பதினைந்தாம் நாள். கீழே காகிதம் எரிக்கிறார்கள். சாம்பல் பறந்து வந்து காயும் துணியில் விழுகிறது என்று ஒரு தம்பி கொதித்து எழுதியிருக்கிறார். தம்பி, இன்று மட்டும் மூங்கில் கழியை உள்ளே எடுத்துவிடுங்கள். இறந்துபோன தாய் தகப்பனை நினைத்துச் செய்கிற காரியம் அது. நாம் அமாவாசைக்குச் செய்வதும் அதுதானே. நகர மன்றம் வைத்திருக்கும் இரும்புத் தொட்டியில் எரிக்காமல் புல்தரையிலோ காரிடாரிலோ எரித்தால் மட்டும் போய்ச் சொல்லுங்கள், மரியாதையாக. வெள்ளிக்கிழமை நாம் போடும் சாம்பிராணிப் புகையும் அடுத்த வீட்டுக்குள்தான் போகிறது, அதையும் யோசியுங்கள்.

10 செப்டம்பர்

ஈசூன் வாசகி எழுதியிருக்கிறார். கணவனும் மனைவியும் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டினார்களாம். பாட்டிக்கு ஹொக்கியன் சீனம் தெரியும், சந்தை மலாய் தெரியும், ஆங்கிலம் வராது. இவருக்கு மலாய் வராது. கணவரின் அம்மா போனில் மலாயில் பேசியிருக்கிறார். இரண்டு பெரியவர்களும் தொட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்று ஆரம்பித்து, முழங்கால் வலி வரைக்கும் போய்விட்டார்களாம்.

விஷயம் இதுதான். போன மாதம் வாசகி பாட்டியின் தொட்டியிலிருந்து இரண்டு பாண்டான் இலை கிள்ளியிருக்கிறார். அதைப் பாட்டி பார்த்திருக்கிறார். சரி, இந்தப் பெண்ணுக்கும் செடி பிடிக்கிறது, பறிக்க வசதியாக இருக்கட்டும் என்று வாசகியின் வாசல் பக்கமாகவே தொட்டிகளை நகர்த்தி வைத்திருக்கிறார்!

புகார் போயிருந்தால் இது யாருக்குமே தெரியாமல் போயிருக்கும். இன்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

11 செப்டம்பர்

செடி பறிப்பதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. கேட்காமல் கறிவேப்பிலை பறிக்கலாமா? காரிடாரில் வைத்தால் அது பொது என்கிறார் ஒருவர். இல்லை. இடம்தான் பொது, செடி வளர்த்தவருடையது. எங்கள் மாடியில் என் கறிவேப்பிலைச் செடியில் யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்று நானே சொல்லிவைத்திருக்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும்: இலையை உருவாமல், நுனிக் கொத்தோடு கிள்ளுங்கள். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை விட்டுச் செடி அடர்த்தியாகும், இலையை உருவினால் குச்சிதான் நிற்கும். எங்கள் மாடி மலாய் மக்சிக் (அத்தை) மீன் கறிக்குப் பறிப்பார், அவர் தொட்டியில் இருக்கும் செராயை (எலுமிச்சைப் புல்லை) நான் ரசத்துக்கு எடுப்பேன். ரசத்தில் செராயா என்று கேட்பவர்கள் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

தடுப்புச் சுவர் மேல் மட்டும் தொட்டி வைக்காதீர்கள். காற்றில் விழுந்தால் கீழே போகிறவர் உயிர் போகும்.

14 செப்டம்பர்

தொட்டிகளை எங்கே வைப்பது என்று பேசியது சரி, தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை யாராவது பார்த்தீர்களா?

20 காசு நாணயம் அளவு தண்ணீர் போதும், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட. முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். 2020இல் சிங்கப்பூரில் 35,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. அதுவரை எந்த ஆண்டிலும் அத்தனை பேருக்கு வந்ததில்லை. கோவிட் காலம் என்பதால் எல்லாரும் வீட்டிலேயே இருந்தோம், பகலில் கடிக்கிற கொசுவுக்கு அது வசதியாகப் போயிற்று. எங்கள் மாடியில் ஒரு கல்லூரி மாணவிக்கு வந்து, ரத்தத் தட்டணுக்கள் இறங்கி, மருத்துவமனையில் கிடந்தாள். அந்த வாரம் எங்கள் காரிடாரில் இருந்த எல்லாத் தட்டையும் எடுத்துவிட்டோம். வைத்தே ஆக வேண்டும் என்றால் தட்டில் மணலை நிரப்புங்கள், தண்ணீர் தேங்காது. மண் இறுகிப் போயிருந்தால் கிளறிவிடுங்கள், மேல்மண்ணில் தேங்கும் தண்ணீரும் போதும் அதற்கு. மூங்கில் கழி செருகும் குழாய்த் துளைகளையும் மூடி வையுங்கள். பலர் மறப்பது அதைத்தான்.

20 செப்டம்பர்

அங் மோ கியோவிலிருந்து ஒரு பெண் எழுதியதைப் படித்த பிறகு மறுபடியும் யோசிக்கிறேன். மேல்வீட்டில் இரவு ஒரு மணிக்குப் பெட்டி இழுக்கிறார்கள், இசை போடுகிறார்கள். அவர் தனியாக இருக்கிறார். ஒரு தடவை போய்க் கதவைத் தட்டியதற்கு அந்த ஆள் முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறார். இப்போது வேண்டுமென்றே தரையில் தட்டுகிறாராம்.

அம்மா, நீங்கள் மறுபடியும் கதவைத் தட்டக்கூடாது. நான் மேலே எழுதியதெல்லாம் பேசினால் கேட்கக்கூடிய ஆளைப் பற்றி. பயமுறுத்துகிறவரிடம் தனியாகப் போவது பொறுமை ஆகாது. இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) சொல்லும் நேரம். தேதி, நேரம் எழுதி வையுங்கள், கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மிரட்டினால் போலிசை அழையுங்கள். இல்லையென்றால் முதல் படி சமூக சமரச நிலையம். 1998இலிருந்து இருக்கிறது. சமரசம் செய்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேச வைப்பார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அதிலும் முடியவில்லை என்றால் 2015இலிருந்து சமூகப் பூசல் தீர்ப்பு மன்றங்கள் இருக்கின்றன. நிறுத்தச் சொல்லி உத்தரவு போடலாம், 20,000 வெள்ளிவரை இழப்பீடும் கொடுக்க வைக்கலாம். கடுமையான சத்தத் தொல்லைக்கென்றே இந்த ஆண்டு தெம்பனிஸில் ஒரு தனி அதிகாரிகள் பிரிவைச் சோதனை முறையில் தொடங்கியிருக்கிறார்கள். அது எல்லாப் பேட்டைக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. உங்களைப் போன்றவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை.

உங்கள் மாடியில் வேறு யாராவது அந்தச் சத்தத்தைக் கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். ஒரு வீடு சொல்வதற்கும் மூன்று வீடு சேர்ந்து சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

21 செப்டம்பர்

மேல்வீட்டிலிருந்து கோலிக்குண்டு உருளும் சத்தம் எனக்கும் கேட்கிறது என்று இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எங்கள் மேல்வீட்டில் குழந்தைகளே இல்லை, எனக்கும் கேட்கிறது. பலர் சொல்லும் காரணம், குழாயில் ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது ஏற்படும் அதிர்வு கான்கிரீட் வழியாக வருகிறது என்பது. சத்தம் மேலிருந்து வருவதுபோல் கேட்டாலும் பக்கத்து வீட்டிலிருந்தோ இரண்டு மாடி தள்ளியோ வரலாம். அதனால் இந்தச் சத்தத்துக்காக மேல்வீட்டாரோடு சண்டைக்குப் போகாதீர்கள். சம்பல் இடிக்கும் சத்தம் என்றால் அது வேறு, அதற்குக் கல்லுக்கு அடியில் ஒரு தடித்த துணியை மடித்துப் போட்டாலே பாதி குறையும்.

பூனை பற்றிக் கேட்டவருக்கு: 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் இரண்டு பூனைவரை வைத்துக்கொள்ளலாம். உரிமம் எடுக்க வேண்டும், மைக்ரோசிப் பொருத்த வேண்டும். 2026 ஆகஸ்டு 31வரை அவகாசம் இருக்கிறது. சன்னலுக்கு வலை அடியுங்கள், காரிடாரில் திரியவிடாதீர்கள்.

27 செப்டம்பர்

புங்கோலில் புது வீட்டுக்குப் போன ஒருவர், "எங்கள் புளோக்கில் இந்தச் சண்டையே இல்லை, காரிடார் சின்னது, எல்லாக் கதவும் சாத்தியே இருக்கும்" என்று எழுதியிருந்தார். நிம்மதி என்கிறார். எனக்கு அதைப் படித்து மனசு ஆறவில்லை.

எங்கள் பழைய நீளக் காரிடாரில் முன்பெல்லாம் லிப்ட் சில மாடிகளில்தான் நிற்கும். இறங்கி, படி ஏறி, பத்துப் பன்னிரண்டு வாசல்களைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள், யாருக்குக் காய்ச்சல், யார் மகன் தேசிய சேவைக்குப் போனான் எல்லாம் தெரியும். எல்லா மாடியிலும் லிப்ட் நிற்பதற்காக 2001இல் வந்த லிப்ட் மேம்பாட்டுத் திட்டத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். எங்கள் புளோக்கில் ஏற்கெனவே லிப்ட் நிற்கும் மாடிக்காரர்கள் சிலர் எதற்குச் செலவு என்று தயங்கினார்கள். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்த வீடுகளுக்காக மற்றவர்கள் போய்ப் பேசினார்கள். அந்தப் பெரியவர்களின் பெயரும் முகமும் தெரிந்திருந்ததால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது. அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலிலேயே லிப்டில் ஏற்றிக் கீழே கொண்டுபோகும்போது அந்த அண்டைவீட்டாரை நினைக்காமல் இருக்க மாட்டேன்.

புங்கோல் நண்பரே, கதவு சாத்தியிருந்தாலும் பெயர் கேட்டு வையுங்கள். லிப்டில் கேட்கலாம். அது போதும் தொடங்க.

18 அக்டோபர்

நாளை மறுநாள் தீபாவளி. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கால் வைக்க இடமில்லை.

விளக்கு வைப்பவர்களுக்கு: அகல் விளக்கை உலோகத் தட்டில் வையுங்கள், காலணி அடுக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தூங்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள். நடக்கும் வழியில் வேண்டாம், சுவரோரமாக.

பலகாரம் கொடுப்பது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். மலாய் வீட்டுக்கு நம் சமையலறையில் செய்ததைக் கொடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்கள் மக்சிக் முறுக்கு வாங்கிக்கொள்வார், சிலருக்குத் தயக்கம் இருக்கும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட் டின்னோ பழமோ கொடுங்கள். சங்கடமாக இருக்காது.

சீன வீடுகளில் இந்த முறை கவனிக்க வேண்டியது ஒன்று. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருகிறது, சீன மாதமும் அமாவாசையில்தான் பிறக்கிறது. செவ்வாய்க்கிழமை, 21ஆம் தேதி, அவர்களுடைய ஒன்பதாம் மாதம் பிறக்கிறது. அன்றிலிருந்து ஒன்பது நாள் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழா. பக்தர்கள் அந்த நாள்களில் சைவம். பலர் முட்டையும் வெங்காயமும் பூண்டும்கூடத் தொட மாட்டார்கள். ஆகவே வயதான சீனர்கள் இருக்கும் வீட்டுக்குக் கேக் வேண்டாம். பூண்டு சேர்க்காத முறுக்கு, அதிரசம், ரவா லட்டு சரியாக இருக்கும். நெய்யும் பாலும் ஆகாதவர்களும் உண்டு, அவர்களுக்கு லட்டை விட்டுவிட்டு எண்ணெயில் பொரித்த முறுக்கை மட்டும் தனி டப்பாவில் போடுங்கள். நான் இன்று இரவு பூண்டு இல்லாத மாவைத் தனியாகப் பிசைந்து முதலில் அதைச் சுடப் போகிறேன், பூண்டு முறுக்கு அதற்கப்புறம்.